நரிக்கு வண்ணம் தீட்டட்டும், நான்கு கோடு நோட்டு காத்திருக்கட்டும்

பள்ளி திறந்த இரண்டாவது மாதம் எல்.கே.ஜி. வாசலில் ஒரே பேச்சுதான். "எழுதவே மாட்டேங்கிறான் மிஸ்" என்பார் அம்மா. "வீட்ல தினம் நாலு பக்கம் எழுத வைங்க" என்பார் மிஸ். அன்று மாலையே பிள்ளையின் கையை இறுகப் பிடித்து 'அ' போடவைக்கும் படலம் தொடங்கும். அடுத்த மாதம் டியூஷன். மூன்றரை வயதுக்கு டியூஷன்! அந்தக் கை எழுதத் தயாரா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பிறக்கும்போது மணிக்கட்டில் இருப்பது குருத்தெலும்புதான். அங்குள்ள 8 சிற்றெலும்புகளும் உருவாகி முடிய ஏறத்தாழப் பத்து வயதாகும். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் சேர்ந்து பென்சிலை நகர்த்தும் பிடி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலரை வயதுக்கு மேல் ஆறுக்குள் வரும். பார்த்து வரைவதில் வட்டம் 3 வயதை ஒட்டி, கூட்டல் குறி 4-ஐ ஒட்டி, முக்கோணம் 5-ஐ ஒட்டி. இந்த வரிசையில் 'அ'வின் சுழி எங்கே வருமென்று நீங்களே பாருங்கள்.

அதுவரை கைக்கு என்ன வேலை? கதைப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது. வெறும் ஆப்பிள் படத்தைக் கொடுத்தால் இரண்டு கிறுக்கலில் எழுந்துவிடுகிற பிள்ளை, காக்காவும் நரியும் என்றால் உட்காரும். வடை ஒரு வட்டம், நடுவில் ஓட்டை இன்னொரு வட்டம். மரக்கிளை நீளக் கோடு, அலகு முக்கோணம். எளியதிலிருந்து கடினம்வரை ஒரே கதையில் இருக்கிறது. கதையைச் சொல்லிக்கொண்டே கொடுங்கள். முதல் நாள் வடை மட்டும் போதும். நரியின் வால் பெரிதாக இருக்கட்டும். மூன்று வயதுக்குப் பெரிய படம், தடித்த கோடு.

முழு கிரேயான் வேண்டாம், ஒடித்த துண்டு கொடுங்கள். துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல்நுனி தானாக வேலை செய்யும். தாளைச் சுவரில் ஒட்டித் தீட்டவைத்தால் மணிக்கட்டும் தோளும் உறுதிப்படும். மற்றொரு கை தாளைப் பிடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். கோட்டைத் தாண்டினால் திட்டாதீர்கள். காக்காவுக்குப் பச்சை அடித்தாலும் திட்டாதீர்கள். இடது கையால் தீட்டினால் மாற்றவே மாற்றாதீர்கள்.

கிரேயான் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இல்லையென்றால் வாங்காதீர்கள்; பிள்ளை அதை வாயில் வைக்கும். பொட்டலப் பொருளில் இவை அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

இனி, பெற்றோர் அதிகம் கோட்டைவிடும் இடம். ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்குகிறதா? மூன்று வயதாகியும் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லையா? கை நடுங்குகிறதா? முன்பு செய்த வேலையை இப்போது செய்யவில்லையா? "அவங்க அப்பாவும் லேட்டுதான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு ஒரு வருடம் உட்காராதீர்கள். இதற்கு டியூஷன் மருந்தல்ல.

போக வேண்டிய இடம் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை வர வேண்டும். அந்தக் குழுவிடம் பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்குங்கள். தனியார் பள்ளிப் பிள்ளையா? அதே மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு எடுத்து, டி.இ.ஐ.சி.க்குப் பரிந்துரை எழுதக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார் நகல் ஆகியவற்றுடன் பிள்ளை தீட்டிய நாலைந்து தாள்களையும், பின்னால் தேதி போட்டு, எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சையாளருக்கு அந்தத் தாள்கள் உங்கள் வாய்மொழியைவிட உதவும். "வளர வளரச் சரியாகிடும்மா" என்று அனுப்பப் பார்த்தால் நகராதீர்கள். பரிசோதித்தது என்ன, மறுபடி வர வேண்டியது எப்போது, இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊனச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் பயிற்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் உண்டு.

பள்ளி விடாமல் எழுதச் சொல்கிறதா? மழலையர் வகுப்பில் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் கூடாது என்று என்.சி.இ.ஆர்.டி. 2019-லேயே சொல்லிவிட்டது. அது வழிகாட்டுதல்தான், பல பள்ளிகள் ஓரமாக வைத்துவிட்டன. ஆனாலும் மனுவில் குறிப்பிடுங்கள். மனு மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்). நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. வகுப்பு, நாள், நடந்தது, வீட்டுப்பாட நோட்டின் நகல், இவ்வளவு போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை இல்லாத மனு அங்கே வந்த மனுவே அல்ல. கல்வித் துறை உதவி எண் 14417. எழுதாததற்காக அடித்தால் யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098.

மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் டி.இ.ஐ.சி.க்கான பரிந்துரைச் சீட்டை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். அரையாண்டு விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.