பனையின் பருமன் முடிவாகும் இடம்

வேம்பு, புளி, தேக்கு முதலிய மரங்கள் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போவதற்குக் காரணம், பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் வளையமாகச் சூழ்ந்திருக்கும் கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசுவே என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுவதால், அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை. பனைக்கு அந்தத் திசு கிடையாது. ஆகவே உயரத்தில் கூடிக்கொண்டே போகும் பனையால், எழுந்துவிட்ட அடிமரத்தைப் பின்னாளில் புதுக் கட்டை சேர்த்துப் பருக்கவைக்க இயலாது. அப்படியிருந்தும் 20 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து, ஆடியின் காற்றையும் ஐப்பசியின் புயலையும் தாங்கி நிற்கும் அந்தத் தண்டுக்குப் பருமன் எங்கிருந்து கிடைத்தது என்னும் கேள்விக்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது.

ஈர மணலின் மேல் கிடக்கும் பனங்கொட்டையிலிருந்து முதலில் வெளிப்படுவது வேரும் அன்று, தண்டும் அன்று. விதையிலையின் காம்பே குழாய் போல் நீண்டு, தன் நுனியில் வேர்முனையையும் குருத்தின் முனையையும் சுமந்துகொண்டு நேராகக் கீழே இறங்குகிறது. மண் இளகியிருந்தால் அது ஒரு முழத்துக்கும் அதிகமான ஆழத்தை எட்டிவிடும். அதே வேளையில் விதையிலையின் மறுமுனை கொட்டைக்குள்ளேயே தங்கி, பஞ்சு போன்ற தவுணாகப் பெருத்து, அங்குள்ள கெட்டியான உணவைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. யாழ்ப்பாணத்தில் பூரான் என்று சுவைத்து உண்ணப்படுவது இந்த உறிஞ்சும் உறுப்புத்தான். கீழே சென்ற உணவு முளையின் இலைப்பகுதியில் மாவாகச் சேர்ந்து தடிக்கும்போது பனங்கிழங்கு உருவாகிறது. வழக்கில் கிழங்கு எனப்பட்டாலும், அமைப்பு நோக்கில் அதனை வேர் எனக் கொள்ள இயலாது. பொங்கலை ஒட்டிப் பாத்தியைக் கிளறி எடுக்கும் கிழங்கை நடுவே பிளந்து பார்ப்பவர்கள், மாவுப் பகுதிக்குள் மஞ்சள் கலந்த வெண்மையில் ஒரு கூரிய குருத்து ஒளிந்திருப்பதைக் காணலாம். அதன் அடியில் இருக்கும் வளர்முனைதான் பின்னாளில் முழு மரத்தையும் கட்டப்போகிறது.

கிழங்கு தோண்டப்படாமல் விடப்பட்டால், அக்குருத்து மேலே வந்து ஓலை விரிக்கும். வடலிப் பருவம் தொடங்கும். பனையின் வாழ்வில் மிகுந்த வியப்புக்குரிய பருவம் இதுவே. தரைக்கு மேல் ஓலைகள் மட்டும் கொத்தாகத் தெரிய, ஆண்டுகள் பல கடந்தும் தண்டு என்று சொல்ல எதுவும் எழாததால், செடி வளராமல் நின்றுவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் மண்ணுக்கடியில் வளர்முனை ஒவ்வோர் ஓலையை ஈனும்போதும் சற்றே அகன்று, ஒன்றைவிட ஒன்று அகலமான தண்டுத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கிக்கொண்டிருக்கிறது. அவற்றின் மொத்த வடிவம், ஆணி கீழ்நோக்கி இருக்க மண்ணில் புதைத்த பம்பரத்தை ஒத்திருக்கும். அந்த அகலம் ஒரு பெருமரத்தைத் தாங்கும் அளவை எட்டிய பிறகே தண்டு நிலத்தை விட்டு எழத் தொடங்குகிறது. மேலே தெரியும் தண்டின் பருமன், இவ்வாறு எழுமுன்னரே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

எழுந்த தண்டின் உள்ளமைப்பும் மற்ற மரங்களினின்று வேறானது. நீரும் உணவும் செல்லும் குழாய்க் கற்றைகள் வளையமாக அமையாமல் தண்டு முழுவதும் சிதறியிருக்கின்றன. ஓரத்தை நெருங்க நெருங்க அவை செறிகின்றன. ஒவ்வொரு கற்றையையும் கரிய நார்த்தொகுதி ஒன்று கவசமிட்டுக் காக்கிறது. வளையும் தண்டில் விசை மிகுவது வெளியோரத்தில் ஆதலால், வலிமை வேண்டிய இடத்திலேயே வைரம் பாய்ந்திருக்கிறது. நடுவே இருப்பது மென்மையான சோறு. சோற்றைக் குடைந்தெடுத்துப் பத்தலாகவும், ஓரத்தைப் பிளந்து கூரைக்குக் கைமரமாகவும் பனையைப் பயன்படுத்திய தச்சர்கள் இவ்வமைப்பை நன்கு அறிந்திருந்தார்கள். வெளிப்புறம் வைரம் கொண்டவற்றையும் உட்புறம் வைரம் கொண்டவற்றையும் வெவ்வேறு இனமாகத் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. இளம்பனையைத் தச்சர்கள் ஏற்காததற்கும் காரணம் உண்டு. பனையினத் தண்டுகளின் உயிரணுக்கள் நெடுங்காலம் உயிருடன் இருந்து, அவற்றுள் நார்கள் தம் சுவர்களை மேலும் மேலும் தடிக்கச் செய்துகொள்கின்றன. இதனை விரிவாக ஆராய்ந்தவர் தாவரவியலாளர் பி. பி. டாம்லின்சன். ஆகவே மரம் மூத்தால்தான் அடிமரத்தின் வைரம் முதிரும்.

கேம்பியம் இல்லாமையால் இழப்பும் உண்டு. பனையின் தண்டில் விழுந்த வெட்டு ஒருபோதும் மூடிக்கொள்வதில்லை. உச்சியில் இருக்கும் ஒரே குருத்தைக் காண்டாமிருக வண்டு முற்றிலும் அழித்துவிட்டால், கிளை விட்டுப் பிழைக்கும் வழியின்றி மரம் முழுவதும் பட்டுப்போகிறது. கடும் வறட்சியிலோ ஊட்டமின்றியோ வளர்முனை நலிந்த காலத்தில் உருவான தண்டுப்பகுதி ஒடுங்கி நின்றுவிட்டால், பின்வரும் ஆண்டுகளில் எவ்வளவு மழை பெய்தாலும் அந்த ஒடுக்கம் மட்டும் நிரம்புவதில்லை.

வேர்களிலும் இதே இயல்பைக் காணலாம். முதல் வேர் நெடுநாள் நிலைப்பதில்லை. அதன்பின் தண்டின் அடியிலிருந்து கயிறு கயிறாகப் புதிய வேர்கள் தொடர்ந்து பிறக்கின்றன. அவை நீளுமே தவிர, ஆண்டுக்காண்டு பருப்பதில்லை. ஆல், அரசு போன்றவற்றின் வேர் ஒரு விரிசலில் நுழைந்தால் பருத்துப் பருத்து அதனைப் பிளந்துவிடும். பனையின் வேர்களோ கரையைப் பிளக்காமல் மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. ஏரிக்கரைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் பனையை வரிசையாக விட்டுவைத்த ஊர்களின் வழக்கம் பொருளுடையது. கரையைச் செம்மைப்படுத்துவதாகச் சொல்லி இயந்திரத்தால் அடிமண்ணைச் சுரண்டும்போது, புதிய வேர்கள் பிறக்கவேண்டிய அடிப்பகுதி வெயிலில் காய்கிறது. அங்கு அரும்பும் வேர்கள் மண்ணைத் தொடுமுன்னே கருகிவிடுகின்றன. இச்சேதத்தைப் பணி மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்பது வருந்தத்தக்கது.

மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டு அரசு 2021இல் அறிவித்தது தேவையான செயலே. ஆனால் நிலம் திருத்துவோர் கண்ணுக்கு வடலி வெறும் புதராகத்தான் தெரிகிறது. தீ வைத்தும் கொத்தியும் அது அகற்றப்படுகிறது. கொட்டை ஊன்றும் விழாக்கள் ஊர்தோறும் நடக்கின்றன. ஊன்றிய இடத்தில் அடுத்த பத்து ஆண்டுகள் ஆடும் மாடும் தீயும் நெருங்காமல் காப்பதற்கு ஆள் இருப்பதில்லை. பையில் வளர்த்துப் பின்னர் நடுவதும் எளிதன்று. ஆழம் தேடி இறங்கும் முளை பையின் அடியை எட்டியதும் வளைந்தோ பையைத் துளைத்தோ செல்வதால், பிடுங்கும்போது முறிந்துவிடுகிறது. மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றி, அருகில் ஓர் அடையாளக் கல் நட்டுவிடுவது நல்லது. பெட்டி முடையவும் குருத்து ஞாயிற்றுக்காகவும் வடலியில் குருத்தோலை எடுப்பவர்கள், ஒரே வடலியை ஆண்டுதோறும் மொட்டையடிக்காமல், பல வடலிகளில் மாற்றி மாற்றி எடுத்து விரிந்த ஓலைகளைத் தொடாமல் விடவேண்டும். அடியில் தண்டு அகல்வதற்கு வேண்டிய உணவை அந்த ஓலைகளே சமைக்கின்றன.