சாட்டைக்குள்ளே இன்னொரு சாட்டை!

ஒரு சாட்டையை நீளவாக்கில் அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து கண்ணை மூடினால் போதும், கயிறுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன, இறங்குகின்றன, மறுபடி ஏறுகின்றன!

வெளியே பார்த்தால் பாம்புத்தோல் மாதிரி ஒரே சீரான பின்னல். பிளேடை வைத்துக் கீறினேன். உள்ளே இன்னொரு சாட்டை! முதலாவதைவிடக் குட்டை, ஒல்லி. அதையும் கீறினேன். அதற்குள்ளும் ஒன்று! அதன் வயிற்றில் வரிசையாகச் சைக்கிள் பால்ரஸ் குண்டுகள். ஆறடிச் சாட்டை ஒன்றில் மூன்று சாட்டைகள் ஒளிந்திருக்கும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே!

1965-ல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எம்.ஜி.ஆர். கையில் சுழன்ற சாட்டை நமக்குத் தெரியும். மாட்டுவண்டிக்காரரின் மூங்கில் கம்பும் தோல் வாரும் தெரியும். திரௌபதி அம்மன் கோயிலில் காவல் தெய்வமான போத்துராஜாவுக்கு உரிய வீரசாட்டையும் தெரியும். அதில் அடி வாங்க அருள் வந்தவர்கள் கையை நீட்டிக்கொண்டு போய் நிற்பார்கள். ஆனால் சாட்டையைப் பின்னுகிற இடத்தை யாராவது எட்டிப் பார்த்தோமா? இப்போது பார்க்கலாம், வாருங்கள். பிள்ளைச்சாவடிக் கரைக்குப் போகிறோம்.

புதுச்சேரியில், சின்னக் காலாப்பட்டுக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் ஊர். கடல் மணலைத் தின்று, வீடுகளையும் தின்ற கரை. இருக்கிற கொஞ்சம் நிழலில் உட்கார்ந்து வலை பொத்துகிறவர்களைப் பார்த்ததும், நான் வந்த இடம் சரி என்று புரிந்துவிட்டது. ஏனென்றால் நான் பின்னப்போவது நைலான் சாட்டை. நைலான் வழுக்கும், இழுத்தால் நீளும், போட்ட முடிச்சைச் சத்தமில்லாமல் அவிழ்த்துவிடும். அதனோடு நாள் முழுக்கப் பழகுகிற கைகள் இந்த ஊரில்தான் இருக்கின்றன!

என் பையிலிருந்து கயிற்றுச் சுருள்கள் வெளியே வந்ததும், வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார்.

“இன்னாம்மா இது, மாட்டுக்கா?”

“மாட்டு மேல படவே படாதுங்க ஐயா. சத்தத்துக்கு மட்டும்தான்.”

“சத்தத்துக்கா!” என்றவர், ஒரு துண்டை வாங்கி நேராகப் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் போட்டார். அது மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது. “சரி, நைலான்தான்” என்று ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எவ்வளவு அழகான சோதனை! நைலானின் அடர்த்தி 1.14, ஆகவே தண்ணீரில் அமிழும். கடையில் ‘நைலான் கயிறு’ என்று கொடுக்கும் பச்சை, நீலக் கயிறுகளில் பல, பாலிப்ரொப்பிலீன். அதன் அடர்த்தி 0.91 சொச்சம், மிதந்துவிடும். மிதந்தால் அது நைலானே இல்லை. வாளித் தண்ணீர் போதும், கடைக்காரரிடம் வாதாட வேண்டாம்.

நான் வைத்திருந்தது பாராசூட் கயிறு வகை. நைலான் பிறந்தது 1935-ல், அமெரிக்காவின் டுபான்ட் கம்பெனியில், வாலஸ் கரோதர்ஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில். 1940-ல் பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் காலுறையை விட்டுப் பாராசூட்டுக்குத் தாவியது. பாராசூட் கயிற்றில் ஒரு வகை சுமார் 250 கிலோ எடை தாங்கும். வெளியே நெய்த உறை, உள்ளே ஏழு இழைகள். நமக்கு வேண்டியது உறை மட்டும். ஆகவே முதல் வேலை, இழைகளை உருவி எறிவது. மீனுக்குக் குடல் எடுக்கிற வேலையேதான்! குடல் போனதும் கயிறு நாடா மாதிரி தட்டையாகிவிடும். தட்டையாக இருந்தால்தான் பின்னல் படிந்து உட்காரும்.

இனி கருவைக் கட்ட வேண்டும். நைலான் லேசான பொருள்; சாட்டைக்கோ பிடியின் பக்கம் கனம் வேண்டும். குடல் எடுத்த உறை ஒன்றில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்புகிறோம். சைக்கிளின் முன்சக்கரப் பால்ரஸ் குண்டு ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு. இந்த உறைக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி உள்ளே நழுவுகிறது! (பின்சக்கரக் குண்டு பெரிசு, நுழையாது. முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.) வலையில் கோக்கும் ஈயக்குண்டைப் போட்டால் என்ன என்று பெரியவர் கேட்டார். போடலாம், ஆனால் ஈயம் நசுங்கும், கையிலும் ஒட்டும், குழந்தைகள் தொடுகிற பொருளில் எதற்கு? எஃகுக் குண்டே இருக்கட்டும். நிரப்பிய உறையின் ஒரு முனையில் எட்டங்குல இரும்புக் கம்பியைச் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டினால் பிடிக்கு எலும்பு கிடைத்துவிட்டது.

இதன் மேல் முதல் உள்பின்னல். அதன் மேல் இரண்டாவது உள்பின்னல். அதற்கு மேல்தான் நாம் கண்ணால் பார்க்கும் மேல்பின்னல், பதினாறு கால்!

‘கால்’ என்ற சொல்லை நான் தலைப்பின்னலிலிருந்து எடுத்துக்கொண்டேன். மூன்று கால் பின்னல், ஐந்து கால் பின்னல் என்று அம்மா எனக்குப் பின்னிவிட்ட சடைகள்தான் இந்த வேலைக்கு எனக்கிருந்த ஒரே முன்னனுபவம். ஆனால் சடை தட்டை, சாட்டை உருண்டை. உருண்டைப் பின்னலைப் புரிந்துகொள்ளப் பின்னல் கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலேயிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் சுற்றுவார்கள். எதிரே வருபவருக்கு ஒருமுறை உள்ளே, அடுத்தவருக்கு வெளியே. ஆட ஆட மேலேயிருந்து பின்னல் இறங்கிவரும்! சாட்டை பின்னுகிறவர் அந்தப் பதினாறு பேரையும் தன் இரண்டு கைக்குள் ஆடவிடுகிறார்.

கைக்கணக்கு இது. இடது பக்கம் எட்டு, வலது பக்கம் எட்டு. இடப்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலேயுள்ள காலை எடுத்துப் பின்பக்கமாகச் சுற்றி வலப்பக்கம் கொண்டுவாருங்கள். அங்கே இரண்டுக்கு அடியில், இரண்டுக்கு மேலே, மறுபடி இரண்டுக்கு அடியில், இரண்டுக்கு மேலே விட்டு, தன் பக்கத்துக்கே திரும்பக் கொண்டுவந்து கடைசியில் சேருங்கள். இழுங்கள். பிறகு வலப்பக்கத்து மேல் காலை எடுத்து இதையே மறுபக்கம் செய்யுங்கள். இழுங்கள். முதல் ஒரு சாண் நீளம் வரை மூளை வேலை செய்கிறது. அதற்குப் பிறகு விரல்களே எண்ண ஆரம்பித்துவிடுகின்றன. அந்த நிமிடம் வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்!

“வலிச்சுப் புடிம்மா. ஒண்ணு தளர்ந்தா எல்லாம் தளரும்” என்றார் பெரியவர், தலையைத் தூக்காமலே. நைலான் விஷயத்தில் இது முழு உண்மை. எல்லாக் காலையும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். காலையில் உற்சாகமாக இழுத்து, மதியம் பசியோடு இழுத்தால் அந்த இடம் புடைத்துக்கொண்டு காட்டிக்கொடுக்கும். விரல் மடிப்புகளில் துணி நாடா சுற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும். நான் சுற்றிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் சோற்றைப் பிசைய முடியவில்லை.

இப்போது தொழிலின் மர்மத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன்.

தோல் சாட்டை செய்கிறவர் கையில் கத்தி இருக்கிறது. 1981-ல் வந்த ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தின் சாட்டைகளைக் கங்காருத் தோலில் செய்துகொடுத்தவர் டேவிட் மார்கன். அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு வாரையும் நுனிக்குப் போகப் போகக் குறுகலாகச் சீவிக்கொள்வார்கள். பன்னிரண்டு வாரும் கடைசிவரை வரும். ஒவ்வொன்றும் மெலிவதால் சாட்டையும் மெலியும். நைலானை அப்படிச் சீவ முடியுமா? கத்தி பட்டால் நெசவு பிரிந்துவிடும். முதல் அங்குலத்தில் என்ன அகலமோ கடைசி அங்குலத்திலும் அதே அகலம். பிறகு எப்படிச் சாட்டை மெலிகிறது?

கால்களைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்! பதினாறில் தொடங்குகிறோம். ஓரிடம் வந்ததும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். எடுத்த காலை வெட்டிப் போட்டுவிடக்கூடாது. நடுவில், கருவை ஒட்டிப் படுக்கவைத்து, மிச்சமிருக்கும் பதினான்கும் அதை மூடிக்கொண்டு போக வேண்டும். உள்ளே போன இரண்டும் கொஞ்ச தூரம் கூடவே நடந்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக முடியும். ஒரே இடத்தில் முடித்தால் அங்கே பள்ளம் விழும்; பள்ளம் விழுந்த இடத்தில் சாட்டை ஒடிந்து மடங்கும். பிறகு பதினான்கு பன்னிரண்டாகும். பத்தாகும். எட்டாகும். வால் தொடங்கும் இடத்தில் ஆறு.

ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் கணக்கு மாறிவிடுகிறது, அதுதான் கொண்டாட்டம்! பக்கத்துக்கு ஏழு கால் என்றானதும் ‘இரண்டு அடியில், இரண்டு மேலே’ சரிப்பட்டு வராது. எங்காவது ஓரிடத்தில் ஒன்றை மட்டும் தாண்ட வேண்டும். விரல்கள் அப்போதுதான் பழைய தாளத்தில் ஊறிப் போயிருக்கும். எடுப்பு மாறிய பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல மனசுக்குள் புதிதாக எண்ணிக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும். நல்ல சாட்டையில் கால் குறைந்த இடத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. விரலால் தடவினாலும் தெரியக்கூடாது. என் சாட்டையில் மூன்று இடங்களில் தெரிகிறது, இரண்டில் தெரியவில்லை. அந்த இரண்டு இடத்தையும் நான் தடவிக்கொண்டே இருக்கிறேன்!

நீளக் கணக்கு: கடைசிவரை வரும் காலுக்குச் சாட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் ஒரு முழம். ஆறடிச் சாட்டைக்குப் பத்தரை அடி. முதல் முறை அந்த ஒரு முழத்தை நான் விட்டுவிட்டேன். நாலு விரல்கடை மிச்சமிருக்கும்போது கயிறு தீர்ந்தது. இரண்டு நாள் பின்னலையும் அவிழ்த்தேன்.

பின்னி முடித்ததைத் தரையில் வைத்து ஒரு பலகையால் உருட்ட வேண்டும். மேடுபள்ளம் அமுங்கி உருண்டையாகும். பிறகு மெழுகுக் குளியல். மெழுகுவத்திகளை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கி, சாட்டையை முக்கி எடுத்துத் துடைத்துவிடலாம். சுமார் அறுபது பாகையில் மெழுகு உருகும். நைலான் உருக இருநூறுக்கு மேல் வேண்டும், ஆகவே பயமில்லை. பயப்பட வேண்டியது கயிற்று முனைகளைத் தீயில் சுட்டு அடைக்கும்போது: உருகிய நைலான் விரலில் ஒட்டினால் தோலோடுதான் வரும்.

கடைசியில், நுனியில் கட்டும் குஞ்சம். எவ்வளவு சின்னது, அதற்கு எவ்வளவு பெரிய வேலை! வலை நூலில் நான்கு இழையை எடுத்துத் தாங்காத அளவு முறுக்கி, நடுவில் மடித்து விட்டால் தானே ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளும். முனையில் முடிச்சுப் போட்டு, அதற்குக் கீழே ஓரங்குலத்தைப் பிரித்துவிட்டால் குஞ்சம். அக்கா ஒருவர் என் கையிலிருந்து நூலைப் பிடுங்கி, தொடையில் வைத்து ஒரே தேய்ப்பில் முறுக்கிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கால் மணி நேரம் ஆகிற வேலை அது!

கண்ணாடி போட்டு, தொப்பி வைத்து, எல்லோரையும் இருபது அடி தள்ளி நிற்கவைத்து வீசினேன். பலமாக வீசினால் வராது. கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னே வீசி, சட்டென்று நிறுத்த வேண்டும். அப்போது சாட்டையில் ஒரு வளையம் பிறந்து நுனியை நோக்கி ஓடும். ஓட ஓட உடல் மெலிகிறது, ஆகவே வேகம் ஏறுகிறது. பிடியில் கொடுத்த ஆற்றலைச் சுமக்கக் கடைசியில் ஒரு நூல்தான் மிச்சம். அது நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் என்ற ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். பதினாறு கால் ஆறாகக் குறைந்ததெல்லாம் இதற்காகத்தான்!

நாம் கேட்கும் ‘படீர்’, சாட்டை எதன் மேலும் பட்டு வருவதில்லை. சூப்பர்சானிக் விமானத்தின் பின்னால் வருகிற அதே அதிர்வொலி. 1947-ல் சக் யேகர் விமானத்தில் ஒலியை முந்துவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே வண்டிக்காரர்கள் கை அதைச் செய்துகொண்டிருந்தது! நுனி ஒலியின் வேகத்தைத் தொட்ட கணத்தில் அல்ல, அதைப் போல இரு மடங்கு வேகத்தில் ஓடும்போதே சத்தம் பிறக்கிறது என்று படங்கள் காட்டியது ஆய்வாளர்களைக் குழப்பியிருந்தது. 2002-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் அலைன் கோரியலியும் டைலர் மெக்மில்லனும் கணக்குப் போட்டு விடை சொன்னார்கள்: சத்தத்தைப் பிறப்பிப்பது நுனி அல்ல, ஓடிவரும் அந்த வளையம். இதே பிள்ளைச்சாவடியில், பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2020-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான வளாகம் இருக்கிறது. அங்கே அதிர்வலை படிக்கிற பிள்ளைகள் ஒரு மாலை கரைக்கு வந்து ஒரு வீச்சு வீசிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஐந்தாவது வீச்சில் வெடித்தது. காக்கைகள் எழும்பின. பெரியவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு வாட்டி!” என்றார்.

பத்துப் பன்னிரண்டு வெடிக்குள் குஞ்சம் பஞ்சாய்ப் பறந்துவிட்டது. அது தேயத்தான் செய்யும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அக்கா தொடையில் அடுத்த நூலைத் தேய்க்க ஆரம்பித்தார். கீழே கிடந்த மிச்சக் கயிற்றில் நான் பழகுவதற்காகப் பின்னிப் போட்ட நாலு கால் துண்டு ஒன்றை ஒரு பையன் எடுத்துத் தன் பம்பரத்தில் சுற்றிப் பார்த்தான்.

“அக்கா, இந்தச் சாட்டைய நான் எடுத்துக்கட்டா?”

பம்பரக் கயிற்றுக்கும் நம்மிடம் அதே பெயர்தானே! நான் தலையாட்டுவதற்குள் பம்பரம் தரையில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது.