நடுத்திடலில் ஓர் ஆட்டக்காரர்

1996ஆம் ஆண்டு ஜூலை 21. அமெரிக்காவின் மயாமி நகரில் ஒலிம்பிக் காற்பந்தாட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பிரேசில். ரொனால்டோ, ரிவால்டோ, பெபெட்டோ, ரோபர்ட்டோ கார்லோஸ் என உலகமே அறிந்தவர்கள் அக்குழுவில் இருந்தனர். மறுபக்கம், 28 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெற்றிருந்த ஜப்பான்.

72ஆம் நிமிடத்தில் ஜப்பானியர் ஒருவர் இடப்பக்கத்திலிருந்து பந்தை உயரமாக உதைத்து அனுப்பினார். அதைத் தடுக்க விரைந்த பிரேசில் தற்காப்பு ஆட்டக்காரரும் கோல் காவலரும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டனர். பந்து காவல் இல்லாத கோலை நோக்கி உருண்டது. பின்னாலிருந்து ஓடிவந்த 21 வயது இளைஞர் அதை வலைக்குள் தள்ளினார். ஜப்பான் 1-0 என வென்றது. ‘மயாமியின் அதிசயம்’ என்று ஜப்பானியர் இன்றும் குறிப்பிடும் ஆட்டம் இதுதான்.

அந்த இளைஞரின் பெயர் தெருயோஷி இத்தோ. அன்று பிரேசில் 28 முறை கோல் அடிக்க முயன்றது. ஜப்பானோ நான்கே முறை. எனவே, பாராட்டில் பெரும்பங்கு கோல் காவலர் கவாகுச்சியைச் சேர்ந்தது. அது நியாயமே. இத்தோ அடித்தது மிக எளிய கோல். ஆனால், திடலின் நடுவில் ஆடிய ஒருவர் அந்த நொடியில் கோலின் அருகே எப்படி வந்தார்? பந்து மேலே எழுந்தபோதே அவர் ஓடத் தொடங்கியிருந்தார்.

நடுத்திடலில் தற்காப்புப் பணி செய்பவரைப் பார்வையாளர்கள் அதிகம் கவனிப்பதில்லை. எதிரணியின் பந்தை இடைமறிப்பது, முன்னேறிச் சென்ற நண்பர் விட்ட இடத்தை நிரப்புவது, கிடைத்த பந்தை உடனே பிறருக்குக் கொடுப்பது ஆகியவையே அவருடைய வேலை. அவர் சரியாக ஆடினால் ஆபத்தே தோன்றாது. தோன்றாத ஆபத்துக்கு யார் கைதட்டுவார்கள்? 168 செண்டிமீட்டர் உயரமே கொண்ட இத்தோ இந்த வேலையைத்தான் ஆண்டுக்கணக்கில் செய்தார்.

ஜப்பானின் ஜே லீக் போட்டி 1993இல் தொடங்கியது. அவ்வாண்டே இத்தோ தம் சொந்த ஊரான ஷிமிசுவின் எஸ்-பல்ஸ் குழுவில் சேர்ந்தார். 2010வரை அங்கேயே ஆடினார். 1998 உலகக் கிண்ணத்திற்குச் சென்ற ஜப்பானியக் குழுவில் அவரும் இருந்தார். எனினும், ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறங்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆயினும், ஜப்பானின் முதல்நிலை லீக்கில் அவர் ஆடிய ஆட்டங்கள் 500க்கும் மேல்.

ஷிமிசுவை விட்டபோது அவருக்கு வயது 36. பலர் காலணியைக் கழற்றிவைக்கும் வயது அது. இத்தோ கோஃபு குழுவுக்குச் சென்றார். பின்னர் நாகானோ, அகித்தா ஆகிய ஊர்களின் குழுக்களில், மூன்றாம் நிலை லீக்கில் ஆடினார். அங்கே பெரிய அரங்கங்களும் இல்லை. தொலைக்காட்சி வெளிச்சமும் அதிகமில்லை.

2017இல் அவர் நுமாசு நகரின் குழுவில் இணைந்தார். அதுவும் மூன்றாம் நிலைக் குழுதான். நுமாசு, அவர் பிறந்த ஷிஸுவோகா மாநிலத்திலேயே உள்ளது. அங்கு ஆட்டங்களில் இறங்கும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே கிடைத்தது. ஆனாலும், தம்மைவிட இருபது, முப்பது வயது இளையவர்களோடு சேர்ந்து அவர் பயிற்சி செய்தார். ஐம்பதை நெருங்கியபோதும் அக்குழுவின் ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.