நம்ம ஆள் அணி மாறினால் நமக்கு ஏன் வலிக்கிறது?

பூன் லேயில் புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் கூடைப்பந்துத் திடலை ஒரு நாள் மாலையில் கவனியுங்கள். விளையாடுபவர்களின் சட்டைகளில் லெப்ரான் ஜேம்ஸ் பெயர் ஒன்றாவது உங்கள் கண்ணில் படலாம். அது எந்த அணியின் சட்டை? கிளீவ்லண்டா, மயாமியா, லாஸ் ஏஞ்சலிஸா? ஆள் ஒருவர்தான், அணிகள் மூன்று. 2010ஆம் ஆண்டு அவர் முதன்முறையாக அணி மாறியபோது, கிளீவ்லண்ட் ரசிகர்கள் சிலர் அவர் பெயர் போட்ட சட்டையைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.

அது அவர்கள் காசு கொடுத்து வாங்கிய சட்டை. ஜேம்ஸ் அவர்களுக்கு உறவினரும் இல்லை, நண்பரும் இல்லை. பெரும்பாலோர் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியது கிடையாது. பிறகு ஏன் அவ்வளவு கோபம்? இதற்கு அறிவியலில் விடை தேடுவோம்.

முதலில், நடந்தது என்ன?

அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில், ஒரு வீரரின் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் அவர் தமக்குப் பிடித்த அணியில் சேரலாம். அப்படிப்பட்டவரைக் 'கட்டற்ற வீரர்' எனலாம். ஜேம்ஸ், கிளீவ்லண்டுக்கு அருகிலுள்ள ஏக்ரனில் பிறந்தவர். 2003 முதல் ஏழு பருவங்கள் கிளீவ்லண்ட் கேவலியர்ஸ் அணிக்கு ஆடினார். ஒப்பந்தம் முடிந்ததும், 2010 ஜூலை 8ஆம் தேதி ஒரு நேரடித் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தாம் மயாமி ஹீட் அணிக்குப் போவதாக அறிவித்தார். விதிப்படி இதில் எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் ஊரே கொதித்தது. 'துரோகி' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது.

'நாம்' உருவாக எவ்வளவு நேரம் ஆகும்?

மிகக் குறைந்த நேரமே போதும் என்று காட்டியவர் ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர். 1970களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உங்கள் வயதுப் பள்ளி மாணவர்களை வைத்து அவர் ஒரு சோதனை செய்தார். திரையில் தோன்றிய புள்ளிகள் எத்தனை என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். பிறகு, 'நீ அதிகமாக மதிப்பிடும் குழு, நீ குறைவாக மதிப்பிடும் குழு' என்று பிரிக்கப்பட்டார்கள். உண்மையில் அந்தப் பிரிவினை குருட்டாம்போக்கில் செய்யப்பட்டது. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட எந்த மாணவருக்கும் தெரியாது.

அடுத்து, மற்ற மாணவர்களுக்குச் சிறு தொகையைப் பங்கிட்டுக் கொடுக்கும்படி ஒவ்வொருவரிடமும் சொல்லப்பட்டது. தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தும் பெரும்பாலோர் தங்கள் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். இதைவிட வியப்பான ஒன்றும் தெரிய வந்தது. தங்கள் குழுவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் குழுவைவிட நம் குழு அதிக இடைவெளியில் முந்த வேண்டும் என்று பலர் விரும்பினார்கள்.

இதிலிருந்து வளர்ந்ததுதான் 'சமூக அடையாளக் கோட்பாடு'. 'நான் யார்?' என்ற கேள்விக்கு நாம் தரும் விடையில் ஒரு பகுதி, நாம் சேர்ந்திருக்கும் குழுக்களிலிருந்து வருகிறது. சில நிமிடங்களில் உருவான புள்ளிக் குழுவுக்கே இவ்வளவு பற்று என்றால், சிறு வயது முதல் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த அணியின்மேல் எவ்வளவு இருக்கும்!

ஜெயிச்சுட்டோம், தோத்துட்டாங்க

1976ஆம் ஆண்டு ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில், வார இறுதி ஆட்டத்துக்குப் பின் வரும் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். தங்கள் அணி வென்றிருந்தால், பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடை அதிகமாகக் கண்ணில் பட்டது. ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதும், வென்றால் 'நாம்', தோற்றால் 'அவர்கள்' என்ற போக்கு தெரிந்தது.

தமிழில் இதைப் பிடிப்பது இன்னும் சுலபம். வினைச்சொல்லின் விகுதியே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். 'ஜெயிச்சுட்டோம்' என்பதில் உள்ள 'ஓம்' நம்மையும் ஆட்டக்காரராக்குகிறது. 'தோத்துட்டாங்க' என்றதும் நாம் மெதுவாகத் திடலைவிட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

இப்போது சட்டை எரிந்த காரணம் கொஞ்சம் புரிகிறதா? நட்சத்திர வீரர்தான் அந்தப் பெருமைக்கு ஊற்று. அவர் போகும்போது நம் அடையாளத்தின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 1956ஆம் ஆண்டே டோனல்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கும் ஒருவரோடு நமக்கு நட்பு இருப்பதுபோன்ற உணர்வு ஏற்படுவதை விளக்கினார்கள். அது ஒருவழி நட்பு. அவருடைய சிரிப்பு, நடை, குழந்தையின் பெயர் எல்லாம் நமக்குத் தெரியும். அவருக்கு நாம் இருப்பதே தெரியாது. கைப்பேசி வந்த பிறகு இந்த ஒருவழி நட்பு இன்னும் நெருக்கமாகிவிட்டது. அதனால் அவர் பிரியும்போது ஏற்படும் வருத்தம் போலி இல்லை. ஆனால் அவர் நமக்கு எந்த வாக்கும் கொடுத்ததில்லை என்பதும் உண்மை.

வான்கடேயில் நடந்த இயற்கைச் சோதனை

ஆய்வகத்தில் செய்ய முடியாத சோதனைகளைச் சில நேரம் வாழ்க்கையே செய்து காட்டும். கிரிக்கெட் வீரர் ஹார்திக் பாண்டியாவை எடுத்துக்கொள்வோம். மும்பை இந்தியன்ஸ் அணியில் வளர்ந்தவர். 2022ல் குஜராத் டைட்டன்ஸ் தலைவராகி அந்த ஆண்டே ஐபிஎல் கிண்ணத்தை வென்றார். 2023 நவம்பரில் மும்பைக்கே திரும்பினார். அடுத்த மாதம், ஐந்து கிண்ணங்கள் வென்ற ரோகித் சர்மாவின் இடத்தில் அவர் அணித்தலைவராக அறிவிக்கப்பட்டார்.

2024 மார்ச்சில் அகமதாபாத் அரங்கம் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. ஏப்ரல் 1ஆம் தேதி, சொந்தத் திடலான வான்கடேயிலும் அதே கூச்சல். நாணயச் சுண்டலின்போது வருணனையாளரே கூட்டத்தை ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜூன் 29ஆம் தேதி டி20 உலகக் கிண்ண இறுதியாட்டம். கடைசி ஓவரை வீசியவர் பாண்டியா. இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது. ஜூலை 4ஆம் தேதி அதே வான்கடேயில் வெற்றி விழா. இம்முறை கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

மூன்று மாதங்களில் மாறியது என்ன? மனிதர் அவரேதான், திடலும் அதேதான். கூட்டத்தின் 'நாம்' பெரிதாகிவிட்டது. ஏப்ரலில் 'நாம்' என்பது ஒரு நகர அணி. ஜூலையில் அது ஒரு நாடு. கோட்டுக்கு வெளியே நின்றவர், கோட்டை அகலமாக வரைந்ததும் உள்ளே வந்துவிட்டார். கிண்ணம் வென்ற மகிழ்ச்சிக்கும் இதில் பங்கு உண்டுதான். சியால்டினி சொன்னதும் அதைத்தானே!

எதிரணி வீரரைவிட நம் அணியில் இருந்து மாறியவர்மேல் ஏன் கூடுதல் கோபம்? 1988ல் ஹோசே மார்க்கெஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் பெல்ஜிய மாணவர்களிடம் இதற்கு ஒரு தடயத்தைக் கண்டார்கள். மோசமாக நடந்துகொண்ட வெளியாளைவிட, அப்படி நடந்த நம் ஆளை நாம் கடுமையாக மதிப்பிடுகிறோம். இதற்குக் 'கறுப்பு ஆடு விளைவு' என்று பெயர்.

முடிவெடுத்தவர் யார்?

2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜா சென்னை சூப்பர் கிங்சிலிருந்து ராஜஸ்தான் ராயல்சுக்குப் போனார். சஞ்சு சாம்சன் அங்கிருந்து சென்னைக்கு வந்தார். 2023 இறுதியாட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துச் சென்னைக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர் ஜடேஜா. ரசிகர்கள் பலர் வருந்தினார்கள். ஆனால் யாரைக் குறை சொல்வது? இது அணிகள் பேசிச் செய்துகொண்ட பரிமாற்றம். வீரரின் சம்மதத்தோடு நடந்தாலும், அவர் தாமாகக் கிளம்பிப் போனார் என்று சொல்ல முடியாது. அதனால் பலருடைய கேள்வி நிர்வாகத்தின் பக்கம் திரும்பியது.

ஒரு செயலுக்குக் காரணம் அந்த மனிதரா, சூழ்நிலையா என்று நம் மனம் உடனே கணக்குப் போடுகிறது. ஃபிரிட்ஸ் ஹைடர் என்ற உளவியலாளர் 1958ல் இதை விளக்கினார். 'அவரே விரும்பிப் போனார்' என்று தோன்றினால் கோபம் அவர்மேல். 'அனுப்பிவிட்டார்கள்' என்று தோன்றினால் அவர்மேல் பரிவு. பல நேரங்களில் உள்ளே என்ன பேசப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. ஆனாலும் மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

தீர்ப்புகள் மாறவும் செய்யும். ஜேம்ஸ் 2014ல் கிளீவ்லண்டுக்குத் திரும்பினார். 2016ல் அந்த அணிக்கு முதல் வெற்றிக் கிண்ணத்தை வாங்கித் தந்தார். ஊரே தெருவில் திரண்டு கொண்டாடியது. நம் ஊரிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஃபாண்டி அகமது 1992ல் பாகாங் அணிக்கு ஆடி மலேசியக் கிண்ணத்தை வென்றார். 1994 இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் அதே பாகாங்கை 4-0 என வீழ்த்தியது. அப்போது சிங்கப்பூர் அணித்தலைவர் ஃபாண்டிதான். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று.

வருத்தப்படுவது இயல்பு. அதைக் கைப்பேசியில் வசைச் சொல்லாக மாற்றி, வீரருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ அனுப்புவது நாம் எடுக்கும் முடிவு. உங்கள் தோழி இணைப்பாட நடவடிக்கையை மாற்றிக்கொண்டாலும், வேறு நண்பர் குழுவில் சேர்ந்தாலும் இதே மூளைதான் இதே கணக்கைப் போடும். 'துரோகி' என்ற சொல் நாக்கு நுனிக்கு வரும்போது கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் எனக்கு என்ன வாக்கு கொடுத்தார்? இவர் ஏன் போனார் என்பது எனக்கு உண்மையிலேயே தெரியுமா?

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு குறிப்பேடு, விளையாட்டுப் பைத்தியம் பிடித்த நான்கைந்து நண்பர்கள்.

1. ஒரு மாதத்துக்கு, உங்கள் நண்பர்களின் அணி ஆடிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் 'நேற்று ஆட்டம் என்ன ஆச்சு?' என்று மட்டும் கேளுங்கள்.
2. விடையின் விகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 'ஓம்' அல்லது 'ஆங்க'. ஆங்கிலத்தில் சொன்னால் 'வீ' அல்லது 'தே'.
3. ஆட்டத்தில் வெற்றியா தோல்வியா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.
4. மாத முடிவில் பட்டை வரைபடம் வரையுங்கள்.

ஏன் கேட்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர்கள் பேச்சு மாறிவிடும். மாத முடிவில் வரைபடத்தைக் காட்டி விளக்கிவிடுங்கள். நான்கைந்து பேரை வைத்து முடிவு சொல்ல முடியுமா, எத்தனை பேர் இருந்தால் நம்பலாம் என்பதையும் வகுப்பில் பேசிப் பாருங்கள்.