வழிப்பயணமும் சர்க்கரைப் பத்தியமும்

மதுமேகம் என்னும் சர்க்கரை நோயால் பீடிக்கப்பட்டவன் பொருளும் சுற்றமும் இல்லாதவனாயின், காலில் செருப்பும் கையில் குடையும் இன்றி, பிச்சை ஏற்று உண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல், முனிவனுக்குரிய புலனடக்கத்தோடு நூறு யோசனை தூரமோ அதற்கு மேலுமோ நடக்க வேண்டும் என்று சுசுருத சம்ஹிதை சிகிச்சை கூறுகிறது. பிரயாணத்தையே மருந்தாக விதித்த சுசுருதர் என்ற அந்த வைத்திய ஆசாரியர் காலத்தில், நடையும் அற்ப ஆகாரமும் சேர்ந்ததே பயணம். நம் காலத்திலோ மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பதும், வேளை தவறி உண்பதும், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழியில் நீட்டப்படுவதையெல்லாம் வாங்கிக்கொள்வதும் சேர்ந்து, அன்று நோய் தீர்த்த அதே பயணத்தை இன்று நோய் வளர்க்கும் காரியமாக ஆக்கிவிட்டன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் தேசத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். இவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் அரிசியை அளந்து, காப்பியில் சர்க்கரையைத் தவிர்த்து, மாலையில் தவறாமல் நடந்து பத்தியம் காக்கிறவர்கள்தாம். ஆயினும் பெட்டியைக் கட்டிப் புறப்பட்ட மாத்திரத்தில், "நாலு நாள்தானே, ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்த நியமங்களை வீட்டிலேயே விட்டுப் போகிறார்கள். நாலு நாளுக்கு விடுமுறை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்த நோய்க்கு இல்லை. அன்றியும், பத்தியம் காத்துக்கொண்டு பயணம் செய்வது நம் நாட்டில் அசாத்தியம் என்ற எண்ணமே பிழையானது என்பது என் துணிபு.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் ஒரு பலகாரம் புகழ் பெற்றிருக்கும் பாதை அது. மணப்பாறையில் முறுக்கு, கோவில்பட்டியில் கடலை மிட்டாய், திருநெல்வேலியில் அல்வா. சற்றே விலகிப் போனால் பழனியில் பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா என்று, அந்தந்த ஊரைக் கண்டதற்கு அடையாளமே அந்தந்தத் தின்பண்டந்தான் என்று நம் மனம் பழகிப்போயிருக்கிறது. ஆனால் அதே பாதையில், சாத்தூரில் கூடையில் அடுக்கி விற்கும் வெள்ளரிப் பிஞ்சும், பழனிக்கு அருகில் ஆயக்குடித் தோப்புகளிலிருந்து வரும் கொய்யாவும், கோடையில் சாலையோரத்தில் சீவித் தரும் இளநுங்கும், பேருந்து நிலையங்களில் பொட்டலமாகக் கிடைக்கும் அவித்த வேர்க்கடலையும், மாலை வேளைச் சுண்டலும், உப்பும் பெருங்காயமும் இட்ட நீர்மோரும், அவித்த முட்டையும் சர்க்கரை நோயாளிக்கென்றே வைத்தவை போலக் காத்திருக்கின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை. வேர்க்கடலையில் சுமார் கால் பங்கு புரதம். அதிலும் கொண்டைக்கடலையிலும் உள்ள மாவுச்சத்து மெல்ல மெல்லவே செரித்து இரத்தத்தில் கலப்பதால், சர்க்கரையின் அளவு திடீரென்று ஏறுவதில்லை. கடலை மிட்டாய்க்கும் அவித்த கடலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பாகுதான். அந்தப் பாகை மட்டும் விலக்கிவிட்டால் கோவில்பட்டியின் கடலையே நமக்கு நல்ல உணவாகிவிடுகிறது.

பாகு என்றதும், வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை இயற்கையானவை ஆதலால் தீங்கில்லை என்று மிகப் பலர் மனப்பூர்வமாக நம்புவதையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் கருப்பட்டிக் காப்பிக் கடைகள் பெருகியிருப்பதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். அவற்றில் தாதுக்கள் சிறிதளவு உண்டு என்பது மெய்யே; ஆனால் இரத்தத்துக்குள் போய்ச் சேர்வது பெரும்பாலும் அதே சர்க்கரைதான். 'சுகர் ஃப்ரீ' என்று அச்சிட்ட பிஸ்கட்டும் மைதா மாவினால் ஆனதாயிருந்தால், அந்த மாவே வயிற்றில் சர்க்கரையாக மாறும்.

தேநீரைப் பற்றித் தனியே பேசியாக வேண்டும். ஏனெனில் பயணத்தில் நாம் அறியாமல் உட்கொள்ளும் சர்க்கரையில் பெரும்பகுதி அதன் வழியாகவே வருகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, நோயில்லாதவர்கூட ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள், இருப்பது உத்தமம். டம்ளருக்கு இரண்டு கரண்டி என்று கொண்டால், மூன்று முறை வண்டி நிற்கும் இடத்தில் இறங்கித் தேநீர் குடித்தவருக்கு அந்த அளவு முழுவதும் தீர்ந்துபோகிறது. 300 மில்லி கோலா பானம் ஒன்றே 30 கிராமுக்கு மேல் சர்க்கரையைக் கொண்டுவந்துவிடும். "ஒரு டீ, வித்தவுட்" என்று கேட்டால் போட்டுத் தராத தேநீர்க் கடை தமிழ்நாட்டில் அபூர்வம்; ரயிலில் கேனில் வரும் தேநீரில்தான் சர்க்கரை முன்னமே கலந்திருக்கும். அதை விடுத்து, சர்க்கரைப் பொட்டலத்தைத் தனியே தரும் டிப் டீயைக் கேட்டு வாங்கலாம்.

ஹோட்டலில் எதை உண்பது என்பதைப் போலவே எந்த முறையில் உண்பது என்பதும் முக்கியம். முதலில் காய்கறியையும் பருப்பையும் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால், அதே சோறு இரத்தச் சர்க்கரையை அவ்வளவு வேகமாக ஏற்றுவதில்லை. சாம்பாரைத் தாராளமாகக் கேட்டு வாங்கி, இட்லியை இரண்டோடு நிறுத்தி, கூடவே சுண்டலோ முட்டையோ சேர்த்துக்கொள்ளலாம். பொங்கலும் உருளைக்கிழங்கு மசாலா வைத்த தோசையும் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறவருக்கு ஏற்றவை அல்ல. உண்டபின் பத்து நிமிஷம் நடப்பது நல்லது.

விமானத்தில் செல்வோர் பெரிய கம்பெனிகள் பலவற்றில் சர்க்கரை நோயாளிக்கான உணவை முன்னதாகவே சொல்லி வைத்துப் பெறலாம். ரயில்களிலும் அத்தகைய உணவைச் சேர்த்துக்கொள்ள ரயில்வே வாரியம் 2022 நவம்பரில் அனுமதி தந்திருக்கிறது.

இதுவரை சொன்னது சர்க்கரை மிகுதியால் வரும் தீங்கு. குறைவால் வரும் தீங்கோ அதைவிட உடனடியானது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவரும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்கிறவரும், மருந்தை வேளைக்கு எடுத்துக்கொண்டு, வண்டி தாமதமானதால் சாப்பாட்டை இழந்தால், சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, படபடத்து, புத்தி தடுமாறும் நிலை வரக்கூடும். அப்போது பத்தியம் பார்க்கலாகாது. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை கலப்பதைத் தாமதப்படுத்துவதால் இந்த அவசரத்துக்கு அது உதவாது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே வழி. ஆகவே சர்க்கரையை விலக்கியவர் பையிலும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் அவசியம் இருக்க வேண்டும். இன்சுலினை வெயிலில் நிறுத்திய காரிலோ, உறைந்துபோகக்கூடிய விமானச் சரக்கு அறையிலோ வைக்காமல் கைப்பையிலேயே கொண்டுபோக வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்து நினைவிற் கொள்ளுங்கள்.

சுசுருதர் விதித்த நடையை ஏற்கும் நாம், செருப்பின்றி நடக்க வேண்டும் என்ற பகுதியை மட்டும் கைவிட வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் அடியார்களில் சர்க்கரை நோய் நெடுநாள் உள்ளவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கக்கூடும். தார்ச்சாலையின் சூடும் குத்திய முள்ளும் அவருக்குத் தெரியாது. தெரியும்போது புண் ஆழ்ந்திருக்கும். விரதத்தில் பட்டினியும் நெடுநடையும் ஒன்றுசேர்வது முன் சொன்ன சர்க்கரைத் தாழ்வுக்கும் இடமாகும். புறப்படுமுன் வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்வதும், மிருதுவான காலணி அணிவதும், இரவுதோறும் பாதத்தைப் பார்ப்பதும் பக்திக்குக் குறைவல்ல.

பயணத்தின் முடிவில் உறவினர் வீடு இருக்கிறது. அங்கே "ஒரு வாய்தான், எனக்காக" என்று அன்போடு நீட்டப்படும் கேசரிக் கிண்ணமே எல்லாவற்றிலும் கடினமான சோதனை. வேண்டாம் என்றால் மனம் புண்படும் என்றஞ்சி உண்டவர்கள் அநேகர். விருந்தோம்பும் அன்பர்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: சர்க்கரை நோய் உள்ளவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், இனிப்பை வற்புறுத்தாதீர்கள், சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக் காப்பியைக் கொடுங்கள், அவர் மருந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கேட்டறிந்து, அந்த நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள்.