குளிர்சாதனப் பெட்டியில் துர்நாற்றமா?

"எத்தனை முறை துடைத்தாலும் போகிறதில்லை" என்று குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி முறையிடாத இல்லத்தரசிகள் நம்மிடையே மிகச் சிலரே. கதவைத் திறந்ததும் மீன் நாற்றமும் உள்ளி மணமும் புளித்த பாலின் வாடையும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடிக்கும். உடனே பாதித் தேசிக்காய் ஒன்றைக் கோப்பையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகின்றோம். இரண்டொரு நாள் தேசிக்காய் மணக்கும். சில நாள் சென்றதும் பழைய நாற்றத்தோடு பழுதான தேசிக்காயின் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். ஒரு மணத்தை இன்னொரு மணத்தால் மூடுவது பரிகாரமாகாது. நாற்றம் எங்கிருந்து, எதனால் எழுகின்றது என்று அறிந்த பின்னரே மருந்தைத் தேடல் வேண்டும்.

மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் நாடுகளில் இது சிறு தொல்லை. நமக்கோ அப்படியன்று. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததை யார் மறப்பர்? 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்தமையே காரணமென்று கூறப்பட, நாடு முழுவதும் மின்சாரமின்றித் தவித்தது. (இலங்கைக்கும் குரங்குக்கும் உள்ள தொடர்பு பழையதுதான்!) இத்தகைய வேளைகளில் உறைபெட்டியிலுள்ள மீனும் இறைச்சியும் இளகி, அவற்றின் இரத்தநீர் வழிந்து, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் தங்கிவிடுகின்றது. கதவைத் திறவாதிருந்தால் நிறைந்த உறைபெட்டி ஏறக்குறைய 48 மணித்தியாலமும், பாதி நிறைந்தது 24 மணித்தியாலமும் குளிரைக் காக்கும். கீழறையோ 4 மணித்தியாலந்தான் தாங்கும். "என்னவாயிற்றோ, பார்ப்போம்" என்று அடிக்கடி கதவைத் திறக்கும் ஆவலே இந்தக் கணக்கைக் கெடுக்கின்றது.

கழுவத் தொடங்குமுன் எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தல் அவசியம். வீடுகளில் வாக்குவாதம் பிறப்பது இங்கேதான். மீன் விற்கும் விலையில் ஒரு துண்டைத்தானும் எறிய மனம் வராது. மூக்கினருகே கொண்டு சென்று மோந்து பார்த்து, "நாற்றமில்லை, பொரித்தால் சரியாகிவிடும்" என்று தீர்ப்பளிக்கின்றோம். இத்தீர்ப்பு ஆபத்தானது. உணவை நாறச் செய்யும் கிருமிகள் வேறு. நோயை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. லிஸ்ரீரியா என்னும் பற்றீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகவல்லது. கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் கொடியது. அது பெருகிய உணவில் நாற்றமோ நிறமாற்றமோ தோன்றாதிருக்கலாம். சூரை, கும்பளா முதலிய மீன்கள் குளிரின்றிக் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்ரமின் என்னும் பொருள் உண்டாகும். அதனை உண்டவர்க்கு முகம் சிவக்கும்; தலையிடியும் உடற்கடியும் வாந்தியும் காணும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அந்தப் பொருள் அழிவதில்லை. ஆதலின் கீழறையில் 4 மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரமின்றிக் கிடந்த மீன், இறைச்சி, பால், சமைத்த கறி ஆகியவற்றை மோந்து பாராமலே எறிந்துவிடுங்கள். உறைபெட்டியில் இன்னும் பனிக்கட்டியோடு இறுகிக் கிடப்பனவற்றை மீண்டும் உறைய விடலாம்.

இனிச் சுத்தம் செய்யும் வேலை. மின்னிணைப்பைத் துண்டித்துத் தட்டுகளையும் இழுப்பறைகளையும் வெளியே எடுத்துச் சவர்க்கார நீரில் கழுவுவதை எல்லோரும் செய்வர். பலரும் மறந்துவிடும் இடங்கள் மூன்று. கதவைச் சுற்றியுள்ள இறப்பர்ப் பட்டியின் மடிப்பு ஒன்று. அதனைப் பழைய பற்றூரிகையால் தேய்த்தல் வேண்டும். கீழறையின் பின்சுவரின் அடியிலுள்ள சிறு துவாரம் மற்றொன்று. ஊசி நீக்கிய சிறிஞ்சினால் வெந்நீரைச் செலுத்தினால் அதிலுள்ள அடைப்பு நீங்கும். அத்துவாரத்தின் வழியே வடியும் நீர், பெட்டியின் பின்புறத்தில் கொம்பிறசரின் மேலுள்ள சிறு தட்டில் சேர்ந்து, அதன் சூட்டினால் ஆவியாகிவிடுகின்றது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நீரோடு மீனிரத்தமும் பாலும் சென்றால், நீர் மாத்திரம் ஆவியாகிப் போக, ஏனையவை இளஞ்சூட்டில் அங்கேயே கிடந்து அழுகும். உள்ளே எத்தனை முறை கழுவியும் நாற்றம் விடாத பெட்டியைச் சுவரிலிருந்து சற்று இழுத்துப் பின்புறம் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் அத்தட்டிலேதான் இருக்கும். இரத்தநீர் உட்சுவரின் வெடிப்பினூடே உள்ளிருக்கும் நுரைக்காப்பில் ஊறிவிட்டதாயின், அந்த நாற்றத்தைப் போக்குதல் அரிது.

எதைக் கொண்டு துடைப்பது? இங்கே விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் தாயாருக்கு உதவலாம். மீன் நாற்றத்துக்குக் காரணமான திரைமெதைலமைன் காரத் தன்மையுடையது. அமிலத்தோடு சேர்ந்தால் அது ஆவியாகாத உப்பாகிவிடும், மூக்கை எட்டாது. நம் பாட்டிமார் மீனுக்குத் தேசிப்புளி பிசைந்ததும், மீன் கழுவிய கையில் பழப்புளி தேய்த்ததும் காரணமின்றி அன்று. ஆகவே மீன் நாற்றத்துக்குச் சம அளவு நீர் கலந்த வினாகிரி ஏற்றது. புளித்த பாலின் நாற்றமோ அமிலங்களால் உண்டாவது. அதற்கு அப்பச்சோடாவே மருந்து. ஒரு லீற்றர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துத் துடைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலப்போர் பலர். நுரை பொங்குவதைக் காண வேடிக்கையாக இருக்குமேயன்றி, ஒன்றையொன்று கெடுத்துக்கொள்வதனால் பயன் குறைந்துவிடும். வினாகிரியோடு குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தை ஒருபோதும் சேர்க்கலாகாது, நச்சுவாயு எழும்.

அப்பச்சோடாப் பொதியைத் திறந்தபடி குளிர்சாதனப் பெட்டியினுள் வைக்கும் வழக்கம், 1972 இல் அமெரிக்காவின் ஆம் அன்ட் ஹாமர் நிறுவனம் செய்த விளம்பரத்தால் பரவியது. காற்றுப் படும் மேற்பரப்பே வேலை செய்வதால், பொதியின் சிறிய வாயினால் பெரும்பயன் கிடையாது. வைப்பதானால் அகன்ற பீங்கானில் பரப்பி வையுங்கள்.

அதனிலும் மேலானது கரி. கரியின் நுண்டுளைகள் நாற்றத் துகள்களைப் பற்றிக்கொள்கின்றன. சிரட்டைக்கரியை 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தினால், ஒரு கிராம் கரியின் உட்பரப்பு பல நூறு சதுரமீற்றராகப் பெருகுகின்றது. இத்தகைய கரியை உலகுக்கு அனுப்பும் நாடுகளுள் நம் நாடும் முக்கியமானது. அடுப்பங்கரைச் சிரட்டைக்கரிக்கு அவ்வளவு வலிமை இல்லையாயினும், இடித்து ஒரு தட்டில் பரப்பிச் சில நாள் வைத்தால் ஓரளவு உதவும். கோப்பித் தூள் தன் மணத்தால் சிறிது மறைக்கும், அவ்வளவே.

துடைத்த பின் கதவைத் திறந்தபடி ஓர் இரவேனும் உலரவிட்டு, அதன் பின்னரே பொருள்களை அடுக்குங்கள். பட்டரைக் கடைசியாக, இறுக மூடி வையுங்கள். கொழுப்பு மணங்களை எளிதில் ஈர்ப்பது. உள்ளி மணக்கும் பட்டரைப் பாணில் பூசி உண்டவர்களுக்கு இது தெரியும். கறிகளுக்குக் கண்ணாடிப் பாத்திரமே நன்று. மாசிச் சம்பல் வைத்த பிளாஸ்ரிக் பெட்டியை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டும் மணம் போகாவிடின், அதனை ஆணியும் திருகாணியும் போட்டு வைக்க வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.