காமிராவின் நினைவு அட்டை: வேகமறிந்து தேர்ந்தெடுக்கும் முறை

பம்பாயின் மாதுங்காப் பகுதியிலுள்ள தென்னிந்தியர் கல்யாண மண்டபங்களில் முகூர்த்த வேளை நெருங்கியதும் கெட்டிமேளம் முழங்குகின்றது. மணமகன் திருமாங்கல்யத்தைக் கையிலெடுத்து முதல் முடிச்சைப் போடுவதற்குச் சில வினாடிகளே ஆகின்றன. அச்சில வினாடிகளிலும் புகைப்படக்காரர் காமிராவின் பொத்தானை விடாது அழுத்திக்கொண்டிருப்பார். அவ்வேளையில் காமிரா திடீரென்று படமெடுப்பதை நிறுத்திவிடுமாயின், அந்த இழப்பை ஈடு செய்ய வழியில்லை. அட்சதை விழுந்த பின்னர் முகூர்த்தத்தை மீண்டும் நடத்தச் சொல்ல யாராலும் இயலாது.

இவ்வாறு நேரும்போது காமிராவில் பழுது ஏதும் இருக்க வேண்டுமென்பதில்லை. லென்ஸும் உயர்ந்த ரகமாகவே இருக்கலாம். பெரும்பாலும் குற்றம், தபால் தலையைக் காட்டிலும் சற்றே பெரியதான ஒரு சிறு தகட்டைச் சார்ந்ததாகும். மெமரி கார்டு என்று கடைத்தெருவில் வழங்கும் நினைவு அட்டையே அது. இதன் கொள்ளளவைக் கேட்டு வாங்குவோர் பலர். வேகத்தைக் கேட்டு வாங்குவோர் சிலரே. வேகமென்பது யாது, அதை எவ்வாறு அளவிடுவது, எவருக்கு எவ்வளவு வேகம் போதும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

தாராவியில் ஓர் அனுபவம்

பிலிம் சுருளில் படமெடுத்த காலத்தில் ஒளி பட்டவுடன் படம் பிலிமில் பதிந்துவிடும். டிஜிட்டல் காமிராவிலோ ஒளியானது எண்களாக மாற்றப்பட்டு, அவ்வெண்கள் யாவும் வேறோர் இடத்தில் எழுதப்பட வேண்டும். எழுதும் வேகம் குறைவாயின் எடுக்கும் வேகமும் தடைப்படும்.

2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ என்னும் திரைப்படம் இதற்குத் தக்க உதாரணமாகும். தாராவியின் குறுகிய சந்துகளில் பெரிய காமிராக்களைக் கொண்டு செல்வது கடினம். ஆகவே ஒளிப்பதிவாளர் ஆன்டனி டாட் மேன்டில், எஸ்.ஐ. 2கே என்னும் சிறிய டிஜிட்டல் காமிராவைப் பெரிதும் கையாண்டார். காமிராவின் தலைப்பகுதி கையிலடங்கும். ஆனால் அது அனுப்பும் எண்களைப் பதிவு செய்வதற்கு ஒரு கணிப்பொறியை முதுகுப் பையில் சுமக்க வேண்டியிருந்தது. பம்பாய் வெயிலில் அக்கணிப்பொறி சூடேறாதவாறு உலர் பனிக்கட்டியும் உபயோகிக்கப்பட்டது.

இவ்வளவு சிரமம் ஏன்? கணக்கிட்டுப் பார்க்கலாம். அக்காமிராவின் ஒவ்வொரு சட்டகத்திலும் அகலவாட்டில் 2048 புள்ளிகளும் உயரவாட்டில் 1152 புள்ளிகளும் உள்ளன. ஆக மொத்தம் சுமார் 23.6 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 12 பிட் எனக் கொண்டால், ஒரு சட்டகத்துக்குச் சுமார் 3.5 மெகாபைட் ஆகின்றது. வினாடிக்கு 24 சட்டகங்கள் வீதம், சுருக்காத நிலையில் வினாடிக்குச் சுமார் 85 மெகாபைட் எழுதியாக வேண்டும். சுருக்கி எழுதினாலும் அது அந்நாளைய சிறு கருவிகளுக்குப் பெருஞ்சுமையே. அத்திரைப்படம் 2009-ஆம் ஆண்டில் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது. அன்று முதுகிலே சுமந்த வேலையை இன்று இரண்டு கிராம் எடையுள்ள ஓர் அட்டை செய்து முடிக்கின்றது.

அட்டையினுள் நிகழ்வது

நினைவு அட்டையின் உயிர்நாடி ‘பிளாஷ்’ என்னும் வகை நினைவகமாகும். ஜப்பானிலுள்ள தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோகா இதனை 1984-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகளின் அவையில் வெளியிட்டார். இதிலுள்ள செய்திகள் ஒரு தொகுதி முழுவதுமாக நொடியில் அழிந்துபோவது காமிராவின் மின்னொளியைப் போன்றிருந்தமையால், உடன் பணியாற்றியவர் ஒருவர் இப்பெயரைக் கூறினார். அப்பெயருக்குக் காரணமான காமிராவுக்கே இந்நினைவகம் பின்னர் இன்றியமையாததாயிற்று.

பிளாஷ் நினைவகத்தில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் எலெக்ட்ரான்கள் ஒரு மின்காப்புப் படலத்தினூடே செலுத்தப்பட்டுச் சிறைப்படுத்தப்படுகின்றன. மின்சாரம் நின்றபோதிலும் அவை வெளியேறுவதில்லை. ஆகவேதான் காமிராவிலிருந்து வெளியே எடுத்த பின்னரும் படங்கள் அட்டையில் நிலைத்திருக்கின்றன.

ஆயினும் இம்முறையில் ஒரு வரம்பு உண்டு. எழுதும்போது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக எழுதலாம். அழிக்கும்போது பல பக்கங்கள் அடங்கிய ஒரு பெருந்தொகுதியை முழுவதுமாகவே அழிக்க வேண்டும். எழுதியிருக்கும் பக்கத்தின் மீது நேராக மறுபடியும் எழுத இயலாது. கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை அழிக்க வகையின்றிப் பலகை முழுவதையும் துடைக்க நேர்வதை இதற்கு ஒப்பிடலாம். இங்குமங்குமாகப் படங்களை அழித்து, எஞ்சிய இடங்களில் எழுதச் செய்தால், அட்டையிலுள்ள கட்டுப்பாட்டுச் சில்லு பழைய பக்கங்களை இடம் மாற்றிய பின்னரே புதியவற்றை எழுத முடிகின்றது. ஆகவே வேகம் குறைகின்றது. படிப்பதற்கோ இத்தொல்லை இல்லை. எழுதும் வேகம் படிக்கும் வேகத்தைவிடக் குறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அட்டை மீதுள்ள குறிகள்

இன்று மிகுதியும் வழங்கும் எஸ்.டி. அட்டையை 1999-ஆம் ஆண்டில் சான்டிஸ்க், மத்சுஷிதா, தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அறிமுகப்படுத்தின. இதன் நீளம் 32 மில்லிமீட்டர், அகலம் 24 மில்லிமீட்டர், கனம் 2.1 மில்லிமீட்டர். இச்சிறு பரப்பில் பல குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை மூன்று இனங்களாகப் பிரித்து அறிதல் நலம்.

முதலாவது, கொள்ளளவைப் பற்றிய குறி. எஸ்.டி.எச்.சி. என்பது 32 கிகாபைட் வரையிலும், எஸ்.டி.எக்ஸ்.சி. என்பது 2 டெராபைட் வரையிலும் கொள்ளும். முன்னதற்காக மட்டும் அமைந்த பழைய காமிரா பின்னதை ஏற்காது. ஆகவே காமிராவின் கையேட்டை முதலிற் பார்ப்பது அவசியம்.

இரண்டாவது, பாதையைப் பற்றிய குறி. ரோமானிய எண்ணாக ஒன்று அல்லது இரண்டு என்று இது அச்சிடப்பட்டிருக்கும். யு.எச்.எஸ். ஒன்று என்னும் பாதையில் வினாடிக்கு 104 மெகாபைட் வரையிலும், இரண்டு என்னும் பாதையில் 312 மெகாபைட் வரையிலும் செய்திகள் செல்லக்கூடும். இரண்டாம் வகை அட்டையின் பின்புறம் உலோகத் தொடுமுனைகள் இரண்டு வரிசைகளாக இருக்கும். இவ்வட்டையை முதல் வகைக் காமிராவிலும் இடலாம். ஆயினும் பழைய வேகமே கிட்டும். அகன்ற சாலையில் வந்த வண்டி குறுகிய சந்துக்குள் நுழைவதைப் போன்றது இது. கூடுதலாகக் கொடுத்த விலை காமிராவைப் பொறுத்தவரை வீணே.

மூன்றாவது, உறுதி செய்யப்பட்ட வேகத்தைப் பற்றிய குறி. வாங்குவோர் தலையாயதாகக் கருத வேண்டியது இதுவே. வட்ட வடிவான ‘சி’ எழுத்துக்குள் 10 என்றிருந்தால், தொடர்ந்து எழுதும்போது வேகம் வினாடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது என்பது பொருள். ‘யு’ எழுத்துக்குள் 1 என்பது 10 மெகாபைட்டையும், 3 என்பது 30 மெகாபைட்டையும் குறிக்கும். ‘வி’ எழுத்துடன் வரும் 30, 60, 90 என்னும் எண்கள் அத்தனை மெகாபைட் என்பதை நேராகவே தெரிவிக்கின்றன.

இவற்றையன்றி அட்டையின் மீது பெரிய எழுத்தில் 150 என்றோ 200 என்றோ ஓர் எண் காணப்படலாம். அது பெரும்பாலும் படிக்கும் வேகம். அதுவும் மிகச் சிறந்த நிலையில் கிட்டக்கூடிய உச்ச வேகம். 1000 மடங்கு என்பது போன்ற குறி, பழைய ஒலித்தட்டின் வேகமான 150 கிலோபைட்டைப் பெருக்கிச் சொல்வதாகும். அதாவது வினாடிக்கு 150 மெகாபைட். ‘ஏ’ எழுத்துடன் வரும் 1, 2 என்னும் குறிகள் கைபேசியில் செயலிகளை இயக்குவதற்கானவை. அவற்றால் காமிராவுக்கு விசேஷப் பயன் இல்லை.

யாருக்கு எவ்வளவு வேகம்?

தை முதல் நாளன்று தாராவியின் 90 அடிச் சாலையில் தமிழ்ப் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவர். பால் பொங்கி வழியும் காட்சியை ஒருவர் அசையும் படமாக எடுப்பதாகக் கொள்ளலாம். காமிராவின் கையேட்டில் வினாடிக்கு 100 மெகாபிட் எனக் குறிக்கப்பட்டிருக்கும். மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட் ஆகும். ‘வி 30’ குறியுள்ள சாதாரண விலை அட்டையே இதற்குத் தாராளமாகப் போதும். 400 மெகாபிட் வீதம் எழுதும் காமிராவுக்கு 50 மெகாபைட் வேண்டியிருப்பதால் ‘வி 60’ அவசியமாகின்றது.

அடுத்தடுத்து அசையாப் படம் எடுப்போரின் நிலை வேறு. செம்பூரை அடுத்த மாகுல், டிராம்பே கரையோரச் சேற்று நிலங்களிலும், எதிர்ப்புறம் சீவ்ரியிலும் குளிர்காலம் முதல் கோடைவரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. அவை இரை தேடும் தாணே கழிமுகம் 2022-ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வேலைநீர் ஏறும்போது கூட்டம் முழுவதும் ஒருசேர எழும்பும் காட்சி சில வினாடிகளில் முடிந்துவிடும்.

ஒரு படம் 25 மெகாபைட் எனவும், காமிரா வினாடிக்குப் பத்துப் படம் எடுப்பதாகவும் வைத்துக்கொண்டால், வினாடிக்கு 250 மெகாபைட் உண்டாகின்றது. இதனை அட்டை உடனுக்குடன் ஏற்க இயலாதாகையால், காமிராவினுள் ஓர் இடைக்கால நினைவகம் அமைக்கப்பட்டுள்ளது. குழாயில் வரும் நீரைத் தொட்டியில் தேக்கிச் சிறு துளை வழியே வெளியேற்றுவது போன்ற ஏற்பாடு இது. தொட்டியின் அளவு 1000 மெகாபைட் என்போம். அட்டை வினாடிக்கு 80 மெகாபைட் எழுதுமாயின், தொட்டியில் வினாடிதோறும் 170 மெகாபைட் தேங்கும். சுமார் ஆறு வினாடிகளில் அது நிரம்பிவிடும், காமிரா திணறும். பின்னர் அது முழுதும் வடிவதற்குப் பன்னிரண்டரை வினாடிகள் ஆகும். அட்டை வினாடிக்கு 200 மெகாபைட் எழுதுமாயின், தேங்குவது 50 மட்டுமே. இருபது வினாடிகள் இடையறாது படமெடுக்கலாம். வடிவதற்கும் ஐந்து வினாடிகளே போதும். முகூர்த்த வேளையில் காமிரா நின்றுபோவதன் இரகசியம் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

இதனினும் மிகுந்த வேகம் வேண்டுவோர்க்கெனச் சி.எப். எக்ஸ்பிரஸ் என்னும் வேறு வடிவ அட்டைக்கான தரநிலை 2017-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதற்குரிய வாயில் உள்ள காமிராவில் மட்டுமே அதனை இட முடியும். மாறாக, ஒவ்வொரு படமாக நின்று நிதானித்து எடுப்போர்க்கு இவ்வேகம் ஏதும் தேவையில்லை. அவர்கள் அப்பணத்தைக் கொண்டு இரண்டாவது அட்டையொன்றை வாங்குவதே புத்திசாலித்தனம்.

படங்களைக் கணிப்பொறிக்கு மாற்றும்போதும் வேகம் பயன் தரும். 64 கிகாபைட் நிறைந்த அட்டையை வினாடிக்கு 35 மெகாபைட் வீதம் படிக்கும் பழைய கருவியில் இட்டால் அரை மணி நேரம் ஆகும். 90 மெகாபைட் வீதம் படிக்கும் கருவியில் பன்னிரண்டு நிமிஷங்களில் வேலை முடியும். அட்டை வேகமாயிருந்து, படிக்கும் கருவி மெதுவாயிருப்பின் பயனில்லை.

போலிகளும் பாதுகாப்பும்

சந்தையில் போலி அட்டைகளும் உலவுகின்றன. 8 கிகாபைட்டே கொள்ளும் அட்டை, தன்னை 128 கிகாபைட் என்று காமிராவுக்குத் தெரிவிக்குமாறு அதன் கட்டுப்பாட்டுச் சில்லு திருத்தப்பட்டிருக்கும். முதல் 8 கிகாபைட் வரையில் ஐயம் எழாது. அதன் பின்னர் எழுதப்படுபவை மறைந்துபோகும், அல்லது முன்னைய படங்களை அழித்துவிடும். படம் எடுத்தவர் வீடு திரும்பிய பின்னரே இதனை உணர்வார். ஆகவே புதிய அட்டையை எவ்விடத்தில் வாங்கினாலும், முக்கியமான நிகழ்ச்சிக்கு முன்பாக அதனை முழுவதும் நிரப்பி, நிரப்பியவற்றைத் திரும்பப் படித்துச் சோதிக்க வேண்டும். இதற்கென எச்2டெஸ்ட்டபிள்யூ, எப்3 முதலிய இலவச நிரல்கள் உள்ளன. வழக்கமான விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும் அட்டையைச் சந்தேகிப்பதே முறை.

படங்களை வேறிடத்தில் பிரதி செய்த பின்னர், அட்டையைக் காமிராவிலேயே புதிதாக வடிவமைத்துக் கொள்ளுதல் நன்று. எழுதுவதைக் காட்டும் சிறு விளக்கு எரியும்போது அட்டையை வெளியே இழுக்கலாகாது. தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால், அவ்வட்டையில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் எடுத்து வைக்க வேண்டும்; மீட்பு நிரல்களால் பெரும்பாலும் அவற்றைத் திரும்பப் பெறலாம். பம்பாயின் மழைக்காலத்தில் ஈரம் தொடுமுனைகளைக் கெடுக்கக்கூடுமாதலால், மூடியுள்ள சிறு பெட்டியில் அட்டைகளை வைத்தல் வேண்டும். அன்றியும், சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் ஆண்டுகள் பல கழிந்தால் மெல்லக் கசிந்துவிடும். ஆகையால் அட்டையை நெடுங்காலப் பெட்டகமாகக் கருதுதல் தவறு.

காமிராவில் இரண்டு வாயில்கள் இருப்பின், ஒரே படத்தை இரு அட்டைகளிலும் எழுதுமாறு அமைக்கலாம். அப்போது இரண்டினுள் மெதுவானதன் வேகமே காமிராவின் வேகமாகும். ஆகவே இரண்டும் ஒரே தரமாயிருத்தல் வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். காமிராவின் தேவையை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்ற குறியுள்ள அட்டையை வாங்கி, சோதித்த பின்னர் மண்டபத்துக்கு எடுத்துச் செல்பவருக்குக் கெட்டிமேளம் முழங்கும் வேளையில் அட்டையைப் பற்றிய கவலை எழாது. அவருடைய கவனம் முழுவதும் மணமக்கள் மீதே இருக்கும்.